ரிவால்வருக்கு ஈயக் குண்டு வார்ப்பது: கெட்டித்தன்மைக்கு முன்னால் அளவு

கேள்வி இது: “38 ஸ்பெஷல், 357 மேக்னம் என்ற இரண்டு வகைத் தோட்டாக்களையும் சுடக்கூடிய ரிவால்வர் வைத்திருக்கிறேன். உரிமம் இருக்கிறது. பழைய வீல் வெயிட்டை (கார் சக்கரத்தைச் சமன்செய்யப் பொருத்தும் ஈய எடை) உருக்கி வீட்டிலேயே ஈயக் குண்டு வார்க்கத் தொடங்கினேன். 38 தோட்டாவில் போட்டுச் சுட்டால் ஐம்பது முடிவதற்குள் குழலில் ஈயம் அப்பிக்கொள்கிறது, குறியும் சிதறுகிறது. கலவையைக் கெட்டியாக்கச் சொல்கிறார்கள். எந்தக் கலவை நல்லது, எந்த அளவுக்குக் குறுக்க வேண்டும், வீட்டில் ஈயம் உருக்குவதில் ஆபத்து உண்டா?”

கலவையை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் ஒரு மைக்ரோமீட்டரைக் கையில் எடுங்கள்.

ஆரம்பத்தில் நானும் இதே பள்ளத்தில்தான் விழுந்தேன். துப்பாக்கியின் மேல் 357 என்று பொறித்திருந்தது, அதனால் 0.357 அங்குலத்துக்குக் குறுக்கும் டை, அதாவது வார்த்த குண்டைத் துளை வழியாகத் தள்ளி அந்த விட்டத்துக்குச் சிறிதாக்கும் கருவி, வாங்கினேன். பத்துப் பன்னிரண்டு சுடுவதற்குள் குழலின் தொடக்கத்தில் மீன் செதில் மாதிரி ஈயம் படிந்தது. மெட்டல் மெத்தென்று இருக்கிறது, கெட்டியாக்கு என்றார்கள். அச்சகத்தில் பயன்பட்ட லைனோடைப் உலோகத்தைத் தேடிப் பிடித்து வார்த்தேன். படிவு குறையவில்லை, கூடியது. கடைசியில் அளந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சிலிண்டர் அறைகளின் வாய் 0.3585 இருந்தது, என் குண்டு 0.357. அதே பழைய வீல் வெயிட்டை 0.358க்கு மேல் விட்டுக் குறுக்கியதும் தொல்லை போய்விட்டது.

ஒரு சொல் விளக்கம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குண்டு என்று நான் சொல்வது பறந்து போகும் ஈயத் துண்டை மட்டும். குண்டோடு குப்பி, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர் எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. மருந்து எவ்வளவு போடுவது என்ற பேச்சு இந்தப் பதிலில் இல்லை. அதற்கு அச்சிட்ட கையேடுதான் வழி. அப்புறம், துப்பாக்கிக்கான உரிமம் வேறு, தோட்டா தயாரிக்கும் அனுமதி வேறு என்று வைத்திருக்கும் நாடுகள் பல. உங்கள் உரிமத்தில் எது அடங்கும் என்பதை அடுப்பு பற்றவைக்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்.

ரைஃபிளில் குண்டு குப்பியை விட்டதும் நேராகக் குழலுக்குள் போகிறது. ரிவால்வரில் அது வழி நெடுகக் கை மாறிப் போகிறது. குப்பியிலிருந்து கிளம்பி, சிலிண்டர் அறையின் முன்பக்கக் குறுகலான பகுதியைக் கடக்க வேண்டும். இதைத் தொண்டை என்பார்கள். பிறகு சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தாண்ட வேண்டும். குழலின் பின்வாயில் புனல் போல் விரிந்த பகுதிக்குள் நுழைந்து, கடைசியாகக் குழலின் உட்சுவரில் வெட்டியிருக்கும் திருகு பள்ளங்களில் கடிபட வேண்டும். ஆக, பொருந்த வேண்டிய அளவுகள் இரண்டு: தொண்டையின் விட்டம், குழல் பள்ளங்களின் விட்டம்.

குண்டு தொண்டையைவிடச் சிறியதாக இருந்தால், பின்னாலிருந்து வரும் சூடான வாயு அதன் ஓரமாகப் பீறிட்டு முன்னே ஓடும். வெல்டிங் கடையில் கேஸ் கட்டர் இரும்பை அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி ஈயத்தின் விளிம்பை அரித்துக்கொண்டு போகும். அரிந்த ஈயம் குழலின் ஆரம்பத்தில் போய் ஒட்டும். தொண்டை குழலைவிடச் சிறியதாக இருந்தால் வேறு வகைச் சிக்கல். நீங்கள் எவ்வளவு பெரிய குண்டு போட்டாலும் துப்பாக்கியே அதை நசுக்கிச் சிறிதாக்கித்தான் குழலிடம் கொடுக்கும். இந்த இரண்டாவது குறைக்குக் கலவையிலோ டையிலோ தீர்வு கிடையாது.

சரியான அமைப்பு என்றால் தொண்டை, குழல் பள்ளத்தைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் அரைப் பங்கு அல்லது ஒரு பங்கு கூடுதலாக இருக்க வேண்டும். குண்டு தொண்டையின் அளவிலேயே இருக்க வேண்டும், விரலால் மெதுவாகத் தள்ளினால் லேசான பிடிப்போடு நழுவிப் போகிற அளவு. 38, 357 துப்பாக்கிகளில் பள்ளம் பொதுவாக 0.357, குண்டு 0.358. 44இல் 0.429க்கு 0.430. 45 கோல்ட் வம்பு பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய துப்பாக்கிகளில் 0.454 பக்கம், பிந்தையவற்றில் 0.451 அல்லது 0.452. இவையெல்லாம் தொடங்குவதற்கான எண்கள், உங்கள் துப்பாக்கியின் எண்கள் அல்ல.

அதை அறிய ஒரே வழி அளப்பதுதான். துப்பாக்கி காலியா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு சிலிண்டரைக் கழற்றுங்கள். மெத்தென்ற சுத்த ஈயத் துண்டு ஒன்றில் எண்ணெய் தடவி, குழல் வழியாக மரக்குச்சியால் நிதானமாகத் தள்ளுங்கள். போகும் வழியில் கைக்கு என்ன தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். குழல் சட்டகத்தில் திருகப்பட்டிருக்கும் இடத்தில் திடீரென்று இறுகினால், முடுக்கிய முடுக்கில் குழல் அங்கே சுருங்கியிருக்கிறது என்று பொருள். ஈயப் படிவுக்கு அதுவும் ஒரு காரணம். பலர் பார்க்கத் தவறுவதும் இதைத்தான்.

வெளியே வந்த துண்டை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களில் ஐந்து பள்ளங்கள். ஒற்றைப்படை என்பதால் பள்ளத்துக்கு நேர் எதிரே மேடுதான் வரும், சாதாரண மைக்ரோமீட்டரால் விட்டம் பிடிபடாது. அதற்காகத் தனிக் கருவி வாங்கத் தேவையில்லை. குழலிலிருந்து வந்த அதே துண்டை ஆறு தொண்டைகளிலும் ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள். லேசாகத் தள்ளியதும் போனால் தொண்டை சரி, அல்லது கொஞ்சம் பெரிது. போக மறுத்தால் தொண்டை சிறிது. அளவே தெரியாமல் பாதிப் பதில் கிடைத்துவிடும். பிறகு தொண்டைக்கு ஒரு துண்டு வீதம் புதிதாகத் தள்ளி எடுத்து அளந்து எழுதி வையுங்கள். ஆறும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். வெர்னியரை நம்பவும் வேண்டாம். நாம் தேடும் வித்தியாசம் 0.025 மில்லிமீட்டர், சாதாரண வெர்னியர் தவறுவதும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

இப்போது கெட்டித்தன்மைக்கு வருவோம். இதைப் பிரினெல் எண்ணில் சொல்வது வழக்கம். சுத்த ஈயம் 5. இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் 10. கிளிப் வைத்த வீல் வெயிட் சுமார் 12. ஈயம் 90, வெள்ளீயம் 5, ஆன்டிமனி 5 என்று கலக்கும் லைமன் இரண்டாம் எண் கலவை 15. ஈயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4 கொண்ட லைனோடைப் 22.

வார்ப்பவர்களிடையே ஒரு கணக்கு உண்டு. பிரினெல் எண்ணை 1422ஆல் பெருக்கினால், எத்தனை பவுண்டு அழுத்தத்தில் (சதுர அங்குலத்துக்கு) அந்த ஈயம் அமுங்கிப் பிதுங்கத் தொடங்கும் என்று தோராயமாகக் கிடைக்கும். வீல் வெயிட்டுக்கு 12 முறை 1422, சுமார் 17,000. 38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தொழில்தரம் வகுத்த உச்ச அழுத்தமும் அதே 17,000தான். லைனோடைப்புக்கு 31,000 வேண்டும். மிதமான 38 தோட்டாவில் அவ்வளவு அழுத்தம் பிறக்கவே பிறக்காது. மெத்தென்ற குண்டு கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் அழுத்தத்தில் பிதுங்கி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். லைனோடைப் குண்டு கல் மாதிரி நிற்கும், வாயு பக்கவாட்டில் ஓடும். நான் கெட்டியாக்கியதும் படிவு கூடியதன் ரகசியம் இதுதான். உங்களுக்கு அறிவுரை சொன்னவர்கள் 35,000 பவுண்டு வரை போகும் 357 மேக்னத்தை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

ஒரேயடியாக மெத்தென்று போனாலும் ஆகாது. 1935இல் 357 மேக்னம் வந்தபோது ஆலைத் தோட்டாவில் மெத்தென்ற ஈயக் குண்டுதான் இருந்தது. அந்த வேகத்துக்கு அது குழலை ஈயத்தால் பூசியது என்ற புகார் அந்தக் காலத்திலேயே பிரபலம். மறுபக்கம் எல்மர் கீத்தைப் பாருங்கள். 44 மேக்னம் பிறக்கக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர். பதினாறு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்ற கலவையைத்தான் அவர் விரும்பினார். பிரினெல் எண் 11 வரும், வீல் வெயிட்டைவிட மெத்து. 44இன் பலமான தோட்டாக்களுக்கே அது போதுமானதாக இருந்தது என்றால், உங்கள் 38க்கு லைனோடைப் எதற்கு?

எனவே உங்களிடம் இருக்கும் வீல் வெயிட்டே போதும். அதில் ஒன்றரை, இரண்டு சதவீதம் வெள்ளீயம் சேருங்கள். வெள்ளீயம் முக்கியமாக அச்சின் மூலை முடுக்கெல்லாம் உலோகம் ஓடி நிரம்புவதற்குத்தான். இரண்டு சதவீதத்துக்கு மேல் போடுவது காசைக் கரைப்பது. கெட்டியைக் கொடுப்பது ஆன்டிமனி. அச்சிலிருந்து சூடாக விழும் குண்டைத் தண்ணீர் வாளியில் தள்ளிக் கெட்டியாக்கும் பழக்கமும் இருக்கிறது. ஆன்டிமனியும் துளி ஆர்சனிக்கும் உள்ள வீல் வெயிட் அப்படி நன்றாகவே இறுகும். 38க்கு அது தேவையே இல்லை. உருகிய ஈயத்தின் பக்கத்தில் தண்ணீர் வாளி இருப்பதும் எனக்குப் பிடிக்காது. காரணம் கீழே வருகிறது.

வீல் வெயிட் என்று கிடைப்பதெல்லாம் ஈயம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் பயணிகள் கார்களுக்கு ஈய எடையைத் தடை செய்தது. அதன்பின் துத்தநாகமும் இரும்பும் கலந்து வருகின்றன. கட்டிங் பிளையரால் கடித்துப் பாருங்கள், ஈயம் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், துத்தநாகம் முரண்டு பிடிக்கும். தப்பி ஒன்றிரண்டு பாத்திரத்தில் விழுந்தாலும் பயமில்லை. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். முதல் உருக்கலில் 370ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் துத்தநாகமும் இரும்பும் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் துத்தநாகம் கலந்து, முழுப் பாத்திரமும் கூழ் மாதிரித் திரிந்து, அச்சில் நிரம்பாமல் உயிரை வாங்கும். ஒட்டும் வகை எடைகள் கிட்டத்தட்டச் சுத்த ஈயம், அவற்றைத் தனியாக வையுங்கள். கார் பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கலாமா என்று யாராவது கேட்டால் ஒரே பதில், கூடாது. அமிலம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தட்டுகளில் கால்சியமும் ஆர்சனிக், ஆன்டிமனியும் இருக்கும். உருக்கிய கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற கொடிய வாயுக்கள் கிளம்பக்கூடும்.

வார்ப்பது கைப்பழக்கம், எழுதிக் கற்றுத்தர முடிந்தது கொஞ்சம்தான். உலோகம் 370 முதல் 400 டிகிரிக்குள் இருக்கட்டும். குண்டில் சுருக்கம் விழுந்தால் அச்சு சூடேறவில்லை, அல்லது அதில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. பனி படிந்த மாதிரி வெளிறினால் சூடு கூடிவிட்டது. லேசான வெளிறல் கெடுதல் செய்யாது. முதல் இருபது முப்பதைத் திரும்பப் பாத்திரத்தில் போடத் தயாராக இருங்கள். மேலே மிதக்கும் சாம்பல் நிற ஆடையை அழுக்கு என்று வழித்து எறியாதீர்கள், அதில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வெள்ளீயம் ஆக்சைடாகக் கிடக்கிறது. துளி மெழுகோ, நன்கு காய்ந்த மரத்தூளோ போட்டுக் கிளறினால் பெரும்பகுதி உலோகமாகத் திரும்பிவிடும். பொறுக்கும்போது முனையில் சின்ன வடு இருந்தால் மன்னிக்கலாம். அடிப்பக்க விளிம்பு கூராக, முழு வட்டமாக இல்லாவிட்டால் மன்னிக்காதீர்கள். குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அடிப்பக்கம்தான், குறியைத் தீர்மானிப்பதும் அதுதான்.

குறுக்குவதில் ஒன்று நினைவிருக்கட்டும்: டை பெரியதைச் சிறிதாக்கும், சிறியதைப் பெரிதாக்காது. அச்சு 0.3575 போட்டால் 0.3585 டை அதற்கு வெறும் சுரங்கப்பாதை. ஆகவே வேண்டிய அளவைவிட ஆயிரத்தில் ஒன்று, இரண்டு கூடுதலாகப் போடும் அச்சாகப் பாருங்கள். ஆயிரத்தில் மூன்றுக்கு மேல் குறுக்கினால் குண்டு கோணலாகும் வாய்ப்பு கூடும். ஒரே அச்சில் கலவை மாறினால் அளவும் மாறும், சுத்த ஈயம் கூடுதலாகச் சுருங்கிச் சிறியதாக விழும், லைனோடைப் பெரியதாக விழும். நேராகத் தள்ளும் வகை டை எளிது, குண்டை அடிப்பக்கத்திலிருந்து தள்ளுவதால் நேராகவும் போகும். மசகும் சேர்த்துத் திணிக்கும் பழைய வகை இயந்திரம் அழகானதுதான், ஆனால் பொறுமை வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் படிவு நிற்கவில்லையா? ஒரு தோட்டாவை முழுமையாகப் பூட்டியபின் பிரித்து, குண்டை மறுபடி அளந்து பாருங்கள். தாமிர உறை போட்ட குண்டுக்கான விரிப்பான் குப்பியின் வாயைப் போதுமான அளவு விரிக்காது. அதில் ஈயக் குண்டைச் செருகினால் குப்பியே அதைப் பிழிந்துவிடும். வாயை மடிக்கும்போது கூடவே வெளிச்சுற்றையும் அமுக்கும் கார்பைடு வளையம் கொண்ட டைகளும் அதையே செய்யும். 0.358இல் உள்ளே போன குண்டு 0.356இல் வெளியே வந்ததை என் கையாலேயே அளந்திருக்கிறேன். அதுவரை பாவம் கலவையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மசகு பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்ற பெட்ரோலிய மசகும் சரிபாதி கலந்தது பழைய, நம்பகமான கலவை. மெல்லிய திரவ மசகில் குலுக்கி எடுப்பது 38க்குப் போதும். பவுடர் கோட்டிங் (பொடிப் பூச்சு) செய்து அடுப்பில் 200 டிகிரியில் 20 நிமிடம் வேகவைப்பவர்கள் இப்போது அதிகம், புகையும் குறைவு, குழலும் சுத்தமாக இருக்கிறது. பூச்சு விட்டத்தை ஆயிரத்தில் ஒன்று, இரண்டு கூட்டும் என்பதால் குறுக்குவதை அடுப்பிலிருந்து எடுத்த பிறகு செய்ய வேண்டும். அந்த அடுப்பில் பிறகு எந்தக் காலத்திலும் சாப்பாடு செய்யக் கூடாது.

படிவு எங்கே இருக்கிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். குழலின் தொடக்கத்தில் என்றால் அளவுப் பொருத்தம். வெளிவாய்ப் பக்கம் மட்டும் என்றால் மசகு பாதிவழியில் தீர்ந்துவிட்டது. குழலைத் திருகியிருக்கும் இடத்துக்கு அடுத்து என்றால் நான் சொன்ன சுருக்கம்.

ஆபத்து பற்றிக் கேட்டீர்கள். பெரும்பாலானவர்கள் ஆவிக்குப் பயப்படுகிறார்கள். ஈயம் கொதிப்பது 1,749 டிகிரியில். நாம் வேலை செய்யும் 400 டிகிரியில் அதிலிருந்து எழும் ஆவி மிக மிகக் குறைவு. காற்றோட்டம் வேண்டும்தான், கசடைக் கிளறும்போது கண்டிப்பாக வேண்டும். ஆனால் உடம்புக்குள் ஈயம் போகும் முக்கிய வழி தூசியும் கையும் வாயும். சாம்பல் மாதிரி இருக்கும் அந்த ஆக்சைடு கசடு விரலில் ஒட்டி, காபி டம்ளர் வழியாகவோ சிகரெட் வழியாகவோ உள்ளே போகும். வார்க்கும் இடத்தில் தின்பது, குடிப்பது, புகைப்பது எதுவும் கூடாது. தரையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். உடையும் காலணியும் அந்த இடத்தோடு நிற்கட்டும். வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம், தனிக் கொட்டகை பாருங்கள். குழந்தைகளின் ரத்தத்தில் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கவனிக்க வேண்டிய எல்லையை 2021இல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. நீங்களும் ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈயம் பாருங்கள். எண் ஏறியிருந்தால் வார்ப்பைத் திட்டும் முன் மூடிய அரங்கில் எவ்வளவு நேரம் சுடுகிறீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பிரைமரில் உள்ள ஈயச் சேர்மம் புகையாக நேரே மூச்சில் போகிறது.

உடனடி ஆபத்து தண்ணீர். உருகிய ஈயத்தின் மேல் விழும் ஒரு சொட்டு பெரும்பாலும் சீறிவிட்டு ஆவியாகும். அடியில் மாட்டிக்கொண்ட ஒரு சொட்டு பாத்திரத்தையே வாரி இறைக்கும். ஈரமான வீல் வெயிட், மழையில் கிடந்த கட்டி, நெற்றி வியர்வை எல்லாம் கணக்கில் வரும். பழைய ஈயத்தைக் காலிப் பாத்திரத்தில் குளிர்ந்த நிலையில் போட்டுப் பிறகு சூடேற்றுங்கள், உருகிக் கிடப்பதில் தூக்கிப் போடாதீர்கள். முகக்கவசம், தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி. செருப்போடு வார்த்த ஒரே நாளில் என் காலில் ஏற்பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்போது குழலில் இருக்கும் படிவை எடுக்க, சுத்தத் தாமிரக் கம்பளியைப் பழைய பிரஷில் சுற்றி உலர்வாகத் தேயுங்கள், செதில் செதிலாக வரும். தாமிரப் பூச்சு மட்டும் போட்ட இரும்புக் கம்பளி கூடாது, காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வினிகரும் பெராக்சைடும் கலந்து ஊற்றும் குறுக்குவழி ஒன்று சொல்வார்கள். அது ஈயத்தை லெட் அசிடேட்டாகக் கரைக்கும், எளிதில் உடம்பில் ஏறும் விஷம், குழலின் இரும்பையும் அரிக்கும். வேண்டாம்.

சுத்தம் செய்தபின் ஆறு தொண்டைகளையும் குழலையும் அளந்து பாருங்கள். தொண்டைகள் 0.358 பக்கம் இருந்து உங்கள் டை 0.357 என்றால், டையை மட்டும் மாற்றுங்கள். தொண்டைகள் குழலைவிடச் சிறியவை என்றால் அவற்றைச் சீராகக் குடைந்து பெரிதாக்க வேண்டும். அது துப்பாக்கிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் வேலை. டிரில்லில் எமரித் தாளைச் சுற்றி நீங்களே இறங்கிவிடாதீர்கள்.